அரை கிராம் தண்ணி: கறி பதப்படுத்துற ஃப்ரிட்ஜுக்கு டிஹியூமிடிஃபையர் தேடின அனுபவம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜனவரி காலைல பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, கறி காயவைக்கிற ஃப்ரிட்ஜைத் திறந்தா வாசனை சரியில்ல. பன்றி கழுத்துக்கறி ரெண்டு பீஸ், ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ கிட்ட இருக்கும், மூணு வாரம் உப்புல கிடந்து, கழுவி, துடைச்சு, நூல் கட்டி தொங்கவிட்டு அன்னிக்கு ஒம்போதாவது நாள். தொட்டுப்பார்த்தா பிசுபிசுன்னு கையில ஒட்டுது, பின்பக்கம் பச்சைப் பூசணம் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருக்கு. ஈரப்பதம் காட்டுற மீட்டர்ல 91 சதவீதம்னு காட்டுது, இருக்கவேண்டியது 75. ரெண்டையும் தூக்கி குப்பையில போட்டேன். ஒரு உயிரோட கறி அது, மூணு வாரமா தினமும் புரட்டிப் புரட்டிப் பார்த்தது, அதைப் போடும்போது மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அன்னிக்கு சாயங்காலமே டிஹியூமிடிஃபையர், அதாவது காத்துல இருக்குற ஈரத்தை எடுக்குற மெஷின், தேட ஆரம்பிச்சேன். சரியான ஒண்ணு கிடைக்க ரெண்டு வாங்கி விரயமாச்சு, அந்த விவரத்தைத்தான் எழுதறேன், இதே வேலையில இருக்குற யாருக்காவது காசும் கறியும் மிச்சமாகட்டும்.

முதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். நாங்க இருக்குறது டொராண்டோவுக்கு வடக்க, வுட்பிரிட்ஜ் பக்கம். இந்த ஏரியாவுல இத்தாலிக்காரங்க ஜாஸ்தி. பக்கத்து வீட்டுப் பெரியவர் கலாப்ரியாவுல இருந்து சின்ன வயசுல வந்தவர், வீட்டு வாசல் படிக்குக் கீழ இருக்குற குளிர் ரூமை அவங்க கான்டீனான்னு சொல்றாங்க, ஜனவரி வந்தா அங்க கம்பு கட்டி சொப்ரசாத்தா (காயவெச்ச சாஸேஜ்), கபிகோலோ (காயவெச்ச பன்றி கழுத்துக்கறி) எல்லாம் தொங்கவிடுவார். முதல் தடவை அவர் ஒரு துண்டு சீவிக் குடுத்தப்போ எனக்கு எங்க ஆச்சி வீட்டு மொட்டைமாடி உப்புக்கண்டம்தான் ஞாபகம் வந்துச்சு. உப்பு, மஞ்சத்தூள், மிளகாத்தூள் தடவி ஆட்டுக்கறியை மாலை மாதிரி கோத்து வெயில்ல கட்டி, காக்கா வராம ஒருத்தர் உக்காந்து காவல் காக்கணும். ரெண்டும் ஒரே வேலைதான், உப்பு போட்டு தண்ணியை வெளியேத்துறது. ஆனா உப்புக்கண்டம் மெல்லிசா அறுத்து நாலஞ்சு நாள் சுட்டெரிக்கிற வெயில்ல சுக்கா காயுறது, இது முழுசா ஒரு பீஸு, உள்ள நடு வரைக்கும் மெதுவா ஒண்ணரை ரெண்டு மாசம் காயணும். வேகமா காஞ்சா மேல்பக்கம் தோல் மாதிரி இறுகி உள்ள ஈரம் மாட்டிக்கும், காயாம இருந்தா எனக்கு நடந்த மாதிரி பிசுபிசுத்துப் போகும். அதனாலதான் 10லேருந்து 15 டிகிரி சூடு, 70லேருந்து 80 சதவீதம் ஈரப்பதம்னு ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே வெச்சிருக்கணும். என்கிட்ட கான்டீனா கிடையாது, பழைய 400 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒண்ணை வெச்சு, வெளிய ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டி 13 டிகிரியில ஓட்டறேன்.

கோடைல இதே ஃப்ரிட்ஜ்ல எனக்கு நேர்மாறான பிரச்சனை இருந்துச்சு, ஈரம் பத்தவே பத்தாது, ஈரம் விடுற ஹியூமிடிஃபையர் வெச்சுத்தான் ஓட்டினேன். குளிர்காலத்துல ஏன் தலைகீழாச்சுன்னு புரியவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. ஃப்ரிட்ஜே ஒரு டிஹியூமிடிஃபையர்தான், கம்ப்ரசர் ஓடும்போது உள்ள இருக்குற காயில் ஜில்லுன்னு ஆகி காத்துல இருக்குற ஈரத்தை எல்லாம் இழுத்து பனியா பிடிச்சுக்கும். கோடைல பேஸ்மென்ட் 22, 23 டிகிரி, கம்ப்ரசர் அடிக்கடி ஓடுது, அதனால காஞ்சு போகுது. ஜனவரில பேஸ்மென்ட்டே 15 டிகிரிதான், பெட்டி 13ல நிக்க கம்ப்ரசர் ஓடவேண்டிய அவசியமே இல்ல, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டாலே ஜாஸ்தி, கறி விடுற தண்ணி போக வழியே இல்லாம உள்ளேயே நிக்குது. ஆக டிஹியூமிடிஃபையர் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது ஃப்ரிட்ஜ் வெச்சிருக்குற ரூமும் மாசமும்தான். காலி ஃப்ரிட்ஜை அளந்துட்டு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க, கறி தொங்கவிட்டு முதல் பத்து நாள் மீட்டரைப் பாருங்க. தண்ணி வேகமா வர்றது அந்த நாள்லதான், அப்புறம் மேல்பக்கம் காஞ்சதும் தானே குறைஞ்சிடும்.

இப்ப நான் பண்ண தப்புக்கு வர்றேன். எவ்ளோ தண்ணி வரும்னு கணக்கே போடாம, பெருசா வாங்கினா சீக்கிரம் வேலை முடியும்னு நெனச்சு, ரூமுக்கு வைக்கிற கம்ப்ரசர் டைப் ஒண்ணு, நாளைக்கு 22 பைன்ட், அதாவது பத்து லிட்டர் கிட்ட தண்ணி எடுக்கும்னு போட்டிருந்தது, தூக்கிட்டு வந்து தட்டெல்லாம் கழட்டி ஃப்ரிட்ஜுக்குள்ள நிக்கவெச்சேன். அது கிட்டத்தட்ட 250 வாட் இழுக்குது. கரண்ட்டுல உள்ள போற ஒவ்வொரு வாட்டும் கடைசில சூடாத்தான் மாறும், அந்த சூடு எங்க போகும், மூடின பெட்டிக்குள்ளேயேதான் சுத்தும். கால் மணி நேரத்துல 13 இருந்தது 20ஐத் தாண்டிடுச்சு, உடனே ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓட ஆரம்பிச்சு அதுவும் ஒரு பக்கம் ஈரத்தை இழுக்குது, இது ஒரு பக்கம் இழுக்குது, ஈரப்பதம் 45க்கு விழுந்துருச்சு. போதாததுக்கு அதோட ஃபேன் கறி மேல நேரா அடிச்சுது. அந்த தடவை தொங்கின பீஸு அஞ்சே நாள்ல வெளிய விறகு மாதிரி ஆயிடுச்சு, நடுவுல அழுத்தினா பச்சைக்கறி மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கு. இதைத்தான் கேஸ் ஹார்டனிங்னு சொல்றாங்க. நல்லவேளை அதைக் காப்பாத்த முடிஞ்சுது, வேக்யூம் பேக்ல போட்டு சாதா ஃப்ரிட்ஜ்ல மூணு வாரம் வெச்சா உள்ள இருக்குற ஈரம் வெளிப்பக்கம் பரவி ஓரளவு சமமாகும், அப்புறம் எடுத்து திரும்ப தொங்கவிட்டேன். இப்படி ஆச்சுன்னா அவசரப்பட்டு தூக்கிப் போட்டுடாதீங்க, வாசனையும் நிறமும் நல்லா இருந்தா இந்த வழியைப் பாருங்க.

அதுக்கப்புறம்தான் பேனாவும் பேப்பரும் எடுத்து உக்காந்தேன், இதை முதல் நாளே பண்ணியிருக்கணும். நாலு கிலோ கறி, கடைசில 35 சதவீதம் எடை குறையணும்னா மொத்தம் 1,400 கிராம் தண்ணி, அதுவும் நாப்பது நாப்பத்தஞ்சு நாள்ல. முதல் வாரம் நாளைக்கு ரெண்டு சதவீதம் வரைக்கும் போகும்னு வெச்சாலும் 80 கிராம், ஒரு சின்ன டீ டம்ளர் அளவு. நான் வாங்கின மெஷின் நாளைக்கு பத்து லிட்டர் எடுக்குறதுக்காக செஞ்சது! இன்னொரு கணக்கு போட்டேன், அதைப் பார்த்ததும்தான் எல்லாம் விளங்குச்சு. 13 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து முழுசா நெறஞ்சாலும் 11 கிராம் சொச்சம் தண்ணிதான் பிடிக்கும். என் பெட்டி 400 லிட்டர், அப்போ முழுசா நெறஞ்சா நாலரை கிராம். 75 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் அரை கிராம் தண்ணிகூட இல்ல! பத்து சொட்டு தண்ணி ஏறினா 85, எடுத்தா 75. இவ்ளோ சின்ன அளவைத் தூக்க அவ்ளோ பெரிய மெஷின் வெச்சா அது கண் மூடித் திறக்குறதுக்குள்ள தாண்டிப் போய்த்தான் நிக்கும். இங்க வேணுங்குறது மெதுவா, கொஞ்சமா, நாள் முழுக்க எடுக்குற மெஷின்.

ரெண்டாவதா வாங்கினது சின்னது, பெல்டியர் டைப். கம்ப்ரசர், கேஸ் எதுவும் கிடையாது, ஒரு சின்ன எலக்ட்ரானிக் தகடு, கரண்ட் குடுத்தா ஒரு பக்கம் ஜில்லுன்னு ஆகும் மறுபக்கம் சூடாகும், ஜில்லுப் பக்கத்துல காத்து பட்டு தண்ணியா சொட்டி கீழ டேங்க்ல விழும். அளவு, வாட் எல்லாம் சரியாத்தான் பார்த்து வாங்கினேன், ஆனா அதுல இருந்தது டச் பட்டன். என் ஹியூமிடிட்டி கன்ட்ரோலர் எப்படி வேலை செய்யுதுன்னா, ஈரம் ஏறினா ப்ளக்குக்கு கரண்ட் குடுக்கும், இறங்கினா கரண்ட்டை நிறுத்தும், அவ்ளோதான். இந்த மெஷினுக்கு கரண்ட் திரும்ப வந்தா அது தானா ஓடாது, சும்மா லைட் எரிஞ்சுக்கிட்டு யாராவது வந்து பட்டனைத் தொடுறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். முதல் நாள் நான் கையால போட்டதால ஓடுச்சு, ஈரம் இறங்குச்சு, நின்னுச்சு, அதோட சரி. நாங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு ஒட்டாவா போய் மூணு நாள் கழிச்சு வந்தா மீட்டர்ல 88. நல்லவேளை அந்த தடவை வெள்ளைப் பூசணம்தான் ஜாஸ்தி, கூடவே புள்ளி புள்ளியா பச்சை ஆரம்பிச்சிருந்துச்சு, வினிகர் தொட்ட துணியால துடைச்சு எடுத்து கறியைக் காப்பாத்திட்டேன்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி, இல்ல வாங்கி வந்த அன்னிக்கே, இதை மட்டும் கண்டிப்பா செய்யுங்க: மெஷினை ஓடவிட்டு ப்ளக்கைப் புடுங்கி, ஒரு நிமிஷம் கழிச்சு திரும்ப சொருகுங்க, யாரும் தொடாம தானா ஓடுதான்னு பாருங்க. ஓடலைன்னா எவ்ளோ நல்ல மெஷினா இருந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க. டிக்குன்னு அமுக்குற பழைய மாதிரி சுவிட்ச் இருந்தா, இல்ல சுவிட்சே இல்லாம ப்ளக் சொருகினா ஓடுறதா இருந்தா, அதுதான் நமக்கு. என்னைக் கேட்டா இந்த ஒரு விஷயம் மத்த எல்லா அளவையும்விட முக்கியம், இதை எந்த டப்பாவுலயும் பெருசா எழுதவும் மாட்டாங்க.

மூணாவது வாங்கினதுதான் இப்பவும் ஓடுது. அதுவும் பெல்டியர்தான், 23 வாட், அமுக்குற சுவிட்ச், அரை லிட்டர் டேங்க். டப்பா மேல நாளைக்கு 250 மில்லின்னு போட்டிருக்கு, அதை நம்பி கணக்கு போடக்கூடாது. சின்ன மெஷின்ல அந்த நம்பர் பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதம்னு வெச்சு எடுக்குறது. அந்த சூட்டுல ஒரு கன மீட்டர் காத்துல 24 கிராம் தண்ணி இருக்கும், நம்ம பெட்டியில 13 டிகிரி, 75 சதவீதத்துல எட்டரை கிராம்தான். காத்துல இருக்குறதே மூணுல ஒரு பங்குன்னா சொட்டுறதும் அதுக்குத் தக்கதான், என் பெட்டியில முதல் வாரம் நாளைக்கு 50, 60 மில்லி சேருது, மிச்சத்தை ஃப்ரிட்ஜ் காயிலே எடுத்துக்குது. நாலு அஞ்சு கிலோ கறிக்கு அது தாராளம். பெரிய ரூம் மெஷின் வாங்குறவங்களும் இதைக் கவனிக்கணும், அமெரிக்காவுல 2019ல அளக்குற முறையை மாத்தினாங்க, முன்ன 80 டிகிரி ஃபாரன்ஹீட்ல அளந்ததை 65க்கு இறக்கிட்டாங்க, அதனால முன்ன 70 பைன்ட்னு வித்த மெஷின் இப்ப 50 பைன்ட்னு வருது, பழைய மெஷினையும் புது மெஷினையும் நம்பரை வெச்சு ஒப்பிடாதீங்க. முழு ரூமையே கறி காயவைக்க ஒதுக்குறவங்களுக்குத்தான் அந்த சைஸ், ஃப்ரிட்ஜுக்கு வேணாம்.

சூடு பத்தி இன்னும் ஒண்ணு. 23 வாட் சூடு என் பெட்டிக்கு நல்லதாவே முடிஞ்சுது. பேஸ்மென்ட் ஜில்லுன்னு இருக்குற மாசத்துல அது மெதுவா பெட்டியை அரை டிகிரி ஏத்தும், அதனால ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓடும், அதுவும் கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், ரெண்டும் சேர்ந்து வேலை நடக்குது. கரண்ட்டை மாத்துற அந்த கருப்பு அடாப்டர் தொட்டா சுடும், அதை மட்டும் ஃப்ரிட்ஜுக்கு வெளிய வெச்சு மெல்லிசு வயரை உள்ள விடுங்க. வயருக்காக ஃப்ரிட்ஜ் பக்கவாட்டுல ஓட்டை போடாதீங்க, நிறைய மாடல்ல அங்கதான் கேஸ் பைப் உள்ளுக்குள்ள ஓடுது, ஒண்ணுல பட்டா ஃப்ரிட்ஜே போச்சு. நான் கதவு ரப்பர் வழியாவே கீழ் மூலையில விட்டிருக்கேன், மெல்லிசு வயர்ங்கறதால ரப்பர் நல்லாவே மூடுது.

மெஷினை அடியில வெச்சு, காத்து வெளிய வர்ற பக்கத்தை சுவரைப் பார்த்து திருப்பிட்டேன். கறி மேல நேரா காத்து படவே கூடாது. டேங்க்ல நிக்கிற தண்ணி அழுக்கானா பூசணத்துக்கு அதுவே வீடு, வாரம் ரெண்டு தடவை ஊத்திட்டு வினிகர் போட்டு அலசறேன், எவ்ளோ மில்லி இருந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வெக்கிறேன், கறி எப்படி காயுதுன்னு அந்த நோட்டே பாதி சொல்லிடும். டேங்க் நெறஞ்சா மெஷின் தானா நின்னுடும், ஊருக்குப் போறதா இருந்தா காலி பண்ணிட்டுப் போங்க.

வேற வழியும் பார்த்தேன். அலமாரியில வைக்கிற கால்சியம் குளோரைடு டப்பா ஈரத்தை நல்லா இழுக்கும், ஆனா நிறுத்தச் சொன்னா நிறுத்தாது, கீழ சேர்ற அந்த உப்புத்தண்ணி சிந்தினா கறி போச்சு, எனக்குப் பிடிக்கல. சிலிக்கா ஜெல் ஒரு கிலோ வெச்சா 300 கிராம் கிட்ட பிடிக்கும், அப்புறம் ஓவன்ல வெச்சு காயவைக்கணும், ஒரு பீஸ் தொங்கவிடுறவங்களுக்கு சரிவரும். சூடான காத்து விடுற ரோட்டர் டைப் டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சுற பொருள் வெச்ச) மெஷின் குளிர்ல நல்லா ஓடும், ஆனா சூடு ஜாஸ்தி, பெட்டிக்குள்ள வேணவே வேணாம். எனக்கு ரொம்ப பிடிச்சது கல்லுப்புத் தட்டு. உப்பை கொஞ்சம் தண்ணி ஊத்தி ஈரமணல் பதத்துக்கு ஒரு அகலத் தட்டுல பரப்பி வெச்சா, அதைச் சுத்தி இருக்குற காத்து 75 சதவீதத்தை நோக்கியே போகும், ஜாஸ்தியா இருந்தா இழுக்கும் கம்மியா இருந்தா விடும், கரண்ட் வேணாம். வேகம் கம்மி, முதல் வாரத் தண்ணிக்கு அது ஈடு குடுக்காது, ஆனா நாலாவது வாரத்துக்கு மேல மெஷினை நிறுத்திட்டு இந்தத் தட்டை மட்டும் வெச்சே நான் ஓட்டியிருக்கேன்.

மீட்டர் சரியான்னு பார்க்கவும் அதே உப்புதான். பாட்டில் மூடியில உப்பு போட்டு சில சொட்டு தண்ணி விட்டு, மீட்டரையும் சேர்த்து ஜிப்லாக் கவர்ல போட்டு மூடி ராத்திரி முழுக்க வெச்சுடுங்க, காலைல 75 காட்டணும். என்னுது 69 காட்டுச்சு, ஆறு கம்மி. யோசிச்சுப் பாருங்க, அந்த முதல் ஜனவரியில 91னு காட்டினப்போ உண்மையில எவ்ளோ இருந்திருக்கும்னு. மெஷின் தேடுறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்டைப் பண்ணிடுங்க, காசு செலவே இல்ல.

கன்ட்ரோலர்ல நான் வெச்சிருக்குறது, 80க்கு மேல போனா டிஹியூமிடிஃபையர் ஓடும், 76க்கு வந்தா நிக்கும், ஹியூமிடிஃபையர் 68க்குக் கீழ போனாத்தான் ஓடும். இடைவெளி இல்லாம ரெண்டையும் 75ன்னு வெச்சா ஒண்ணு ஈரம் விடும் ஒண்ணு எடுக்கும், ராப்பகலா சண்டைதான். கம்ப்ரசர் நின்ன அடுத்த நிமிஷம் காயில்ல ஒட்டியிருந்த தண்ணி திரும்ப ஆவியாகி மீட்டர் படக்குன்னு 85 வரைக்கும் ஏறும், பயந்துடாதீங்க, கொஞ்ச நேரத்துல இறங்கிடும். கறிக்கு நிமிஷக் கணக்கு தெரியாது, நாள் கணக்குல சராசரி எங்க நிக்குதுன்னுதான் அது பார்க்கும். சென்சாரை கறி பக்கத்துல, அதே உயரத்துல தொங்கவிடுங்க, மெஷின் வாய்க்கு நேரா வைக்காதீங்க.

டிஹியூமிடிஃபையர் எவ்ளோ நல்லா ஓடினாலும் உப்பு அளவுல தப்பு பண்ணா காப்பாத்தாது, இதைச் சொல்லாம விட மனசு வரல. கண்ணளவு வேணாம், கிராம் தராசு வெச்சு கறி எடையில 2.75 சதவீதம் உப்பு, 0.25 சதவீதம் கியூர் நம்பர் 2ங்குற கறி பதப்படுத்துற உப்பு போடறேன். அந்த கியூர்ல 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட்டும், மெதுவா நைட்ரைட்டா மாறுற நைட்ரேட் கொஞ்சமும் இருக்கு, மாசக்கணக்குல தொங்குற கறியில பொட்டுலிசம்ங்குற, உயிருக்கே ஆபத்தான உணவு விஷம் வராம காக்குறது இதுதான். கூட்டியும் போடக்கூடாது குறைச்சும் போடக்கூடாது. ரோஸ் கலர்ல இருக்கும், சமையல் உப்போட கலந்துடாம தனி டப்பாவுல பேர் எழுதி, பிள்ளைங்க கை படாத இடத்துல வைங்க. முதல் தடவை செய்றவங்க சாஸேஜ் பக்கம் போகாம முழு பீஸ்லேயே ஆரம்பிங்க, அரைச்ச கறியில கிருமி உள்ள வரைக்கும் கலந்துடும், முழு பீஸ்ல பெரும்பாலும் வெளிப்பக்கத்தோட நிக்கும்.

போன வாரம் அம்மாகிட்ட வீடியோ கால்ல ஃப்ரிட்ஜைத் திறந்து காமிச்சேன். "எங்களுக்கெல்லாம் வெயிலுதாம்ப்பா மெஷினு, மழை மூட்டம்னா அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்ருவோம்"னு சொன்னாங்க. அடுப்பு சூட்டுல ஈரம் போகும்னு அவங்களுக்கு எந்த மீட்டரும் இல்லாம தெரிஞ்சிருக்கு. இந்த ஊர் ஜனவரிக்கு அந்த அடுப்பு வேலையை என் 23 வாட் மெஷின் பண்ணுது.

இப்ப ரெண்டு பீஸ் தொங்குது, இன்னிக்கு 22ஆம் நாள். பெருசு 1,640 கிராம்ல ஆரம்பிச்சது, காலைல எடை போட்டப்போ 1,190. இன்னும் 124 கிராம் போனா 35 சதவீதம் வந்துடும், வெளிய மெல்லிசா வெள்ளைப் பூசணம் மாவு தூவின மாதிரி இருக்கு, அழுத்தினா ஓரமும் நடுவும் ஒரே மாதிரி அமுங்குது. நேத்து டேங்க்ல 18 மில்லிதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மெஷினை எடுத்துட்டு உப்புத் தட்டை உள்ள வைக்கப் போறேன்.